480 தோட்டத் தொழிலாளர்களின் ஈறு சொன்ன கதை

1/ பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் வருதா? "பிரஷ் குத்திடுச்சு"ன்னு விட்டுட்டுப் போற ஆளா நீங்க? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. டீயா இருந்தா ரொம்பப் பொருத்தம், ஏன்னு போகப் போகத் தெரியும்.

2/ முதல்லயே சொல்லிடுறேன், நான் பல் மருத்துவர் இல்லை. எம்பிபிஎஸ் படிச்ச அரசு மருத்துவர். ஆனா சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வர்றவங்க வாயைத் திறந்து பார்த்தா, ஈறு நோயைத் தாண்டி சர்க்கரையைப் பேசவே முடியாது. அதனாலதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிச்சேன்.

3/ நம்ம பெண்ணாடம் பக்கம் இதுக்குப் பேரு "பயோரியா". பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை. கிரேக்க மூலத்துல அதுக்கு "சீழ் ஒழுகுறது"ன்னு அர்த்தம். ஈறு வீங்கும், ரத்தம் வரும், வாய் நாறும், கீழே இருக்கிற எலும்பு கரையும், கடைசியில பல் ஆடி விழும்.

4/ இதுக்கு வைத்தியம் நேத்து வந்ததில்லை. சுஸ்ருத சம்ஹிதையில வாய் நோய்கள் 65 வகை, அதுல பல்லின் அடிப்பகுதி, அதாவது ஈறு சார்ந்தது மட்டும் 15. பல்லுல சர்க்கரை மாதிரி படியிற காரைக்கு "தந்த சர்க்கரா"ன்னு பேரு வச்சு, ஈறைக் காயப்படுத்தாம அதைச் சுரண்டி எடுக்கணும்னு எழுதியிருக்காங்க. அதுக்குன்னு ஒரு கருவியும் உண்டு: தந்த சங்கு.

5/ கி.பி. 1000 வாக்கில் ஸ்பெயின் நாட்டு கோர்டோபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-சஹ்ராவி. பல் காரை சுரண்ட 14 கருவிகளைப் படம் போட்டே காட்டினார். ஒவ்வொண்ணும் பல்லோட ஒவ்வொரு பக்கத்துக்கு. இன்னைக்குப் பல் மருத்துவர் தட்டுல பார்க்கிற கொக்கிகளோட தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாம் இவங்கதான்.

6/ ஆக, "சுரண்டி எடுத்தா சரியாகும்"ங்கிறது ஆயிரம் வருஷத்துக்கும் மேல தெரிஞ்ச விஷயம். தெரியாதது ஒண்ணுதான்: ஏன் சரியாகுது? அந்தக் காரையில அப்படி என்ன இருக்கு?

7/ 1683. ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரி லீவன்ஹுக். தானே தேய்ச்ச லென்ஸை வச்சு, பல் இடுக்குல இருக்கிற வெள்ளை மாவைப் பார்த்தார். உள்ளே உயிருள்ள குட்டி ஜந்துக்கள் நீந்துது! வாழ்நாள்ல பல்லே துலக்காத ஒரு கிழவரோட வாயிலயும் எடுத்துப் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம். லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

8/ மனுஷன் பாக்டீரியாவைப் பார்த்த ஆரம்பக் காட்சிகளில் ஒண்ணு பல் அழுக்குலதான். ஆனா அந்த ஜந்துவுக்கும் ஈறு நோய்க்கும் முடிச்சுப் போட இன்னும் 280 வருஷம் ஆச்சு.

9/ நடுவுல ஒருத்தர் முக்கியம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரப் பல் மருத்துவர் ஜான் ரிக்ஸ். 1844 டிசம்பர் 11 அன்னைக்கு ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசிச்சுட்டு உட்கார, வலியில்லாம அவரோட பல்லைப் பிடுங்கிக் காட்டினது இவர்தான். மயக்க மருந்து வரலாற்றுல வர்ற அதே ரிக்ஸ்.

10/ பல்லைப் பிடுங்கிப் பேரு வாங்கின இந்த ஆளு, பின்னாளில் பல்லைப் பிடுங்காம இருக்கவே போராடினார். ஈறு நோய்க்கு ஈறை வெட்டுற வைத்தியம் வேண்டாம், ஈறுக்கு அடியில போய் வேர்மேல ஒட்டின காரையைச் சுரண்டு, வழவழன்னு ஆக்கு, அப்புறம் நோயாளி தினமும் சுத்தமா வச்சுக்கட்டும், ஈறு தானா ஆறும்னார். 1876-ல் இதைக் கட்டுரையாவும் வெளியிட்டார். அமெரிக்காவில் இந்த நோய்க்கே "ரிக்ஸ் நோய்"னு பேரு வந்துச்சு.

11/ ஆனா உலகம் அவர் பேச்சை முழுசாக் கேட்கலை. அடுத்த நூறு வருஷம் கத்திதான் ஆட்சி. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பள்ளம் விழுந்தா வெட்டி எடு, எலும்பைச் சீவு. ஈறு நோய்னா அறுவை சிகிச்சைங்கிற எண்ணம் அப்போ வேரூன்றினது.

12/ 1965. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரம். ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டுக்காரர் ஓர் எளிமையான சோதனை பண்ணார். ஈறு ஆரோக்கியமா இருக்கிற 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். "இன்னையிலேர்ந்து பல் துலக்காதீங்க"ன்னார். அவ்வளவுதான் சோதனை.

13/ 10 முதல் 21 நாளுக்குள்ள 12 பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. மறுபடி துலக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரே வாரத்துல எல்லாருக்கும் சரி. மருந்தில்லை, கத்தியில்லை. காரணம் பல்மேல படியிற அந்த மெல்லிய பாக்டீரியாப் படலம்தான், எடுத்தா நோய் போயிடும்னு அன்னைக்கு நிரூபணம் ஆச்சு.

14/ சரி, எடுக்காமலே விட்டா? ஒரு மாசமில்லை, 15 வருஷம் விட்டா? அதுக்குப் பல் துலக்குறதே பழக்கமில்லாத, பல் வைத்தியரையே பார்க்காத ஒரு மக்கள்கூட்டம் வேணும். லோவும் அவர் குழுவும் தேடினாங்க. கண்டுபிடிச்சாங்க.

15/ இலங்கை மத்திய மலைநாடு. நுவரெலியா மாவட்டம் பூண்டுலோயா பக்கம் டன்சினன், ஹாரோ என்ற ரெண்டு தேயிலைத் தோட்டங்கள். 1970-ல் 480 ஆண் தொழிலாளர்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டாங்க. எல்லாரும் தமிழர்கள். நம்ம மாவட்டங்களிலிருந்து கங்காணி கூட்டிட்டுப் போன ஜனங்களோட பேரன், கொள்ளுப்பேரன்கள்.

16/ அவங்க அப்போ எந்த நிலையில இருந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் கதை புரியும். 1948 குடியுரிமைச் சட்டத்தால லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனாங்க. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரிச்சது. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாப் பங்கு போட்டாங்க. அந்த நடுக்கட்டத்துலதான் பல் கணக்கெடுக்க வந்தாங்க.

17/ எதிர்ப்பக்கத்துக்கு 1969-லேயே ஆஸ்லோ நகரத்தில் 565 பேரைச் சேர்த்திருந்தாங்க. மாணவர்கள், கல்வியாளர்கள். சின்ன வயசிலேர்ந்து அரசு செலவில் முறையான பல் பராமரிப்பு கிடைச்சவங்க. ஒரு பக்கம் உலகத்தின் சிறந்த பராமரிப்பு. இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்லை.

18/ 1970, 1971, 1973, 1977, 1982, 1985. ஆறு தடவை அதே வாய்களைத் திறந்து, பல் பல்லா அளந்தாங்க. அளவு எப்படின்னா, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு, வேரைப் பிடிச்சிருக்கிற இணைப்பு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்க்கிறது.

19/ முடிவுகள். ஏறக்குறைய எல்லாருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. காரை இருந்தது. ஆனா அதுக்கு மேல நடந்தது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. மூணு கூட்டமாப் பிரிஞ்சாங்க.

20/ 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோட நின்னுடுச்சு. எலும்பு பெருசாக் கரையலை. 81 சதவீதம் பேருக்கு மெதுவா, நிதானமாக் கரைஞ்சது. 8 சதவீதம் பேருக்கு வேகமாக் கரைஞ்சது.

21/ அந்த 8 சதவீதத்தோட கணக்கைப் பாருங்க. 35 வயசுல சராசரி 9 மில்லிமீட்டர் இணைப்பு போயிருந்தது. ஒரு பல் வேரோட நீளமே ஏறக்குறைய 13, 14 மில்லிமீட்டர்தான். 20 வயசு வாக்கில் பல் விழ ஆரம்பிச்சு 45 வயசுக்குள்ள வாயில ஒரு பல்லும் இல்லை. நடு 81 சதவீதத்துக்கு 45 வயசுக்குள்ள சராசரி 7 பல் போச்சு.

22/ ஆஸ்லோ எப்படி? 40 வயசை நெருங்கும்போது அங்கே சராசரி இழப்பு 1.5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. தோட்டத்துல அதே வயசுல 4.5. மூணு மடங்கு. ரெண்டு ஊர் வாய்க்கும் நடுவுல இருந்த பெரிய வித்தியாசம் பிரஷ்ஷும் பல் மருத்துவரும்தான்.

23/ இதுல ஒரு விஷயத்தை எல்லாரும் மனசுல எழுதி வச்சுக்கணும். அந்தத் தொழிலாளர்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயில விழுந்ததுதான். பல்லு கல்லு மாதிரி இருக்கும், ஆனா அதைப் பிடிச்சிருக்கிற மண்ணு போயிடும். வெள்ளாத்தங்கரையில வேர் அரிச்சு நிக்கிற மரம் மாதிரி.

24/ "எனக்குத்தான் பல்லு வலியே இல்லையே டாக்டர்"னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில். சொத்தை வலிக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காமலே எடுத்துட்டுப் போயிடும்.

25/ இப்போ நெருடலான பகுதி. துலக்கினா ஒரே வாரத்துல ஈறு சரியாகும்னு 1965-லேயே நிரூபிச்சவர் லோ. 1970-ல் தோட்டத்துக்குப் போனவரும் அதே லோ. அங்கே செய்தது, நோயின் இயற்கைப் போக்கைப் பார்க்கிறது. பார்க்கிறதுன்னா, அதைப் போக விடுறது.

26/ நியாயமாவும் பேசணும். அவங்களுக்கு நோயைக் கொடுத்தது ஆய்வாளர்கள் இல்லை. ஆய்வு வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியிலேர்ந்து அந்த லயத்து வீடுகளுக்கு எந்தப் பல் வைத்தியரும் போகலை. உழைக்கக் கையும் காலும் மட்டும் போதும்னு நினைச்ச ஒரு அமைப்புல பல்லைப் பத்தி யாருக்குக் கவலை?

27/ ஆனா இன்னைக்கு இப்படி ஒரு திட்டத்தை எந்த ஆய்வு நெறிமுறைக் குழு முன்னாடி வச்சாலும் முதல் கேள்வி, "நோய் இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு என்ன சிகிச்சை கொடுப்பீங்க?" என்பதாத்தான் இருக்கும். 15 வருஷம் அளக்கப் போனவங்க கையில, 15 நிமிஷம் சுரண்டுற கொக்கியும் இருந்திருக்கலாம். படிக்கும்போது எனக்கு இது உறுத்துது. உங்களுக்கும் உறுத்தணும்.

28/ 480 பேரில் 1985 கடைசிப் பரிசோதனைக்கு இருந்தவங்க 161 பேர். அந்த 15 வருஷத்துலதான் தோட்டங்கள் அரசுடைமை ஆச்சு, தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் கப்பலா ஜனங்க திரும்பினாங்க, 1977, 1983 கலவரங்கள் நடந்துச்சு. ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைக்கு வெளியே இவ்வளவு நடந்தது.

29/ 2010-ல் இன்னொரு குழு போய்த் தேடினப்போ 75 பேர் கிடைச்சாங்க. 40 வருஷக் கணக்கு 2017-ல் வெளியானது. 30 வயசுல இணைப்பு இழப்பு 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தவங்களுக்கு 60 வயசுல குறைஞ்சது 20 பல்லாவது மிஞ்சும்ங்கிறது அதுல ஒரு முடிவு. அதாவது கிழவன் பல்லைக் காப்பாத்துற வேலை இளவட்டமா இருக்கும்போதே நடக்கணும்.

30/ உலகத்துல எந்தப் பல் மருத்துவ மாணவர் ஈறு நோய் பாடம் படிச்சாலும் இந்த மலையகத் தமிழர்களைப் பத்திப் படிக்காம தாண்ட முடியாது. "இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் ஆய்வு"ன்னு ஒரு வரி இருக்கும். அவங்க பேரு இருக்காது.

31/ சரி, அதே காலத்துல மறுபக்கம் என்ன நடந்தது? 1972-ல் ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரத்தில் ஆக்சல்சன், லிண்டே ரெண்டு பேரும் 375 பேரைச் சேர்த்தாங்க. எப்படித் துலக்கணும்னு பொறுமையாச் சொல்லிக்கொடுத்து, சில மாசத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணி அனுப்பினாங்க. 30 வருஷம் முடிஞ்சப்போ சராசரியா ஒருத்தர் இழந்த பல்: இளையவர்களுக்கு ஒண்ணுக்கும் கீழே, மூத்தவர்களுக்கும் ரெண்டை எட்டலை.

32/ கத்தி உண்மையிலேயே வேணுமாங்கிற கேள்விக்கும் 1980-களில் பதில் வந்தது. 1981-ல் பாடெர்ஸ்டென், எகல்பெர்க் குழு ஸ்வீடனில் வெட்டாம, ஈறுக்கு அடியில சுத்தம் மட்டும் பண்ணிப் பார்த்தது. பள்ளம் சுருங்குச்சு, ரத்தக்கசிவு நின்னது. கையால சுரண்டினாலும் சரி, அதிர்வு மெஷினில் பண்ணினாலும் சரி, பலன் ஒண்ணுதான். 1984-ல் ரொம்ப ஆழமான பள்ளங்களிலும் பண்ணிக் காட்டினாங்க. ரிக்ஸ் சொன்னது நூறு வருஷம் கழிச்சு ஜெயிச்சது.

33/ 2020 ஐரோப்பிய வழிகாட்டுதலும் படிப்படியாத்தான் போகச் சொல்லுது. முதல் படி: துலக்கும் முறை, புகையிலை நிறுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு. ரெண்டாவது: ஈறுக்கு அடியில சுத்தம். சில வாரம் கழிச்சு மறுபடி அளந்து பார்த்து, அப்பவும் ஆழமான பள்ளம் மிச்சமிருந்தா மட்டும் மூணாவது படியா அறுவை சிகிச்சை. நாலாவது, வாழ்நாள் பராமரிப்பு.

34/ இப்போ நம்ம ஊருக்கு வருவோம். "சுத்தம் பண்ணினா பல்லு ஆடும், தேஞ்சிடும், இடைவெளி விழும்." பெண்ணாடத்துலயும் சரி, சென்னையிலயும் சரி, எல்லாரும் சொல்றது இதுதான். ஏன் அப்படித் தோணுது?

35/ எலும்பு கரைஞ்ச பல்லை வருஷக்கணக்காப் படிஞ்ச காரை சிமெண்ட் மாதிரி பக்கத்துப் பல்லோட ஒட்டிப் பிடிச்சிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியுது. வீங்கின ஈறு வத்தும்போது இடைவெளி தெரியுது. மூடியிருந்த வேர் வெளியே வர்றதால கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். இதெல்லாம் நோய் செஞ்ச வேலை. பழி மட்டும் சுத்தம் பண்ணினவர் மேல.

36/ அடுத்து, மெடிக்கல்ல போய் மெட்ரோனிடசோல் வாங்கிப் போடுறது. மூணு நாள்ல வீக்கம் குறையும். அப்புறம் திரும்ப வரும். காரணம், பாக்டீரியா காரைமேல பசை மாதிரி படலம் கட்டி உட்கார்ந்திருக்கு. மாத்திரை அதுக்குள்ள சரியாப் போகாது. பாசி பிடிச்ச தொட்டியில ப்ளீச்சிங் பவுடர் மட்டும் போட்டா பாசி போகுமா? தேய்க்கணும்ல? அதேதான்.

37/ வாய் கொப்பளிக்கிற குளோர்ஹெக்சிடின் மருந்தும் அப்படித்தான். 0.2 சதவீதக் கரைசல் பல்மேல படலம் கட்டாம தடுக்கும்னு 1970-ல் காட்டினதும் இதே லோ தான். ஆனா அது புதுப் படலத்தைத் தடுக்கும், கெட்டியான காரையைக் கரைக்காது. மாசக்கணக்கா விட்டா பல்லில் கறையும் பிடிக்கும். மருத்துவர் சொன்ன நாளோட நிறுத்திடணும்.

38/ வேப்பங்குச்சி, ஆலங்குச்சி தப்பா? நுனியை மென்னு பிரஷ் மாதிரி ஆக்கி, நிதானமா எல்லாப் பக்கமும் துலக்கினா தப்பில்லை. பல் இடுக்குக்குள்ள போகாதுங்கிறதுதான் குறை. செங்கல் தூள், சாம்பல், கரி மட்டும் வேண்டாம். ஈறும் பல்லும் சேர்ந்து தேயும்.

39/ என் துறைக்கு வர்றேன். லோ 1993-ல் ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பாதிப்புன்னு எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு மாதிரி இதுவும் சர்க்கரையால கெடும். இது இருவழிப் பாதை. ஈறுல இருக்கிற நாள்பட்ட அழற்சி, சர்க்கரையையும் ஏத்தும்.

40/ ஈறு நோயுள்ள சர்க்கரை நோயாளிகளுக்குச் சுத்தம் பண்ணினா என்ன ஆகும்னு 2022-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. மூணு நாலு மாசத்துல, மூணு மாச சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி அளவு சராசரியா 0.43 குறையுது. கேட்க சின்னதாத் தெரியலாம். ஆனா இது ஒரு மாத்திரை கூடுதலாப் போடாம கிடைச்ச குறைவு. இதை வச்சு இருக்கிற மாத்திரையை நீங்களே நிறுத்திடாதீங்க.

41/ யார் உடனே பார்க்கணும்? துலக்கும்போது ரத்தம் வர்றவங்க. ஈறு கீழே இறங்கிப் பல் நீளமாத் தெரியிறவங்க. வாய் நாற்றம் போகாதவங்க. முன்பல் நடுவுல புதுசா இடைவெளி விழுறவங்க. சர்க்கரை நோயாளிகள் எல்லாரும். பீடி, சிகரெட், ஹான்ஸ், வெத்தலை-புகையிலை பழக்கம் உள்ளவங்களுக்கு ரத்தம் வராமலே நோய் முத்தும், அதனால அவங்களும்.

42/ போனா என்ன பண்ணுவாங்க? கம்பி வச்சு அளப்பாங்க. தேவைப்பட்டா எக்ஸ்ரே. முதல்ல மேல இருக்கிற காரை. பள்ளம் ஆழமா இருந்தா மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் சுத்தம். ஒண்ணு ரெண்டு நாள் கூச்சம், லேசான வலி. ரெண்டு மூணு மாசத்துல மறுபடி அளப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, இதய வால்வு மாத்தினவங்க அதை முன்னாடியே சொல்லிடணும்.

43/ எங்கே போறது? பக்கத்து அரசு மருத்துவமனையில பல் பிரிவு இருக்கான்னு கேளுங்க. அடுத்து, நம்ம மாவட்டத்துலேயே சிதம்பரத்துல 1980-லேர்ந்து பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ராஜா முத்தையா பேர்ல ஆரம்பிச்சது, இப்போ அரசுக் கல்லூரி. ஈறுக்குன்னே தனித்துறை அங்கே உண்டு. விருத்தாசலத்துல பஸ் மாறினா போயிடலாம்.

44/ ஆலையில கரும்பு வெட்டுறவங்க, சித்தாள் வேலைக்குப் போறவங்க, "ஒருநாள் கூலி போயிடும்"னு தள்ளிப் போடுறது எனக்குப் புரியுது. ஆனா 45 வயசுல பல் செட்டு மாட்டிக்கிட்டு முறுக்கைத் தண்ணில ஊறவச்சுச் சாப்பிடுற செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க. பல்லில்லாதவர் சோத்தை மட்டும் முழுங்குவார், காயும் பயறும் இறங்காது. அந்தச் சர்க்கரைக்கு நான் என்ன மாத்திரை எழுதினாலும் பத்தாது.

45/ உலகத்துல இப்போ நூறு கோடிக்கும் மேற்பட்டவங்களுக்குத் தீவிர ஈறு நோய் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. தோட்டத்துல அந்த 480 பேருக்கு இருந்த நிலைமை இன்னும் முடியலை, இடம்தான் மாறியிருக்கு.

46/ வைத்தியம் பார்க்காம விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க இனி யார் வாயையும் அளக்க வேண்டியதில்லை. நம்ம சொந்தக்காரங்க வாய் அதை ஏற்கெனவே சொல்லிடுச்சு. அவங்களுக்குக் கிடைக்காதது நமக்கு ஒரு பஸ் தூரத்துல இருக்கு. ராத்திரி படுக்கும் முன்னாடி ரெண்டு நிமிஷம் துலக்குங்க. ரத்தம் வந்தா அடுத்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்க. வீட்டுல சர்க்கரை நோயாளி இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.